தெற்கே திரும்பிய வாசல்

சுபஸ்ரீயின் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் தினமும் ஒரு கேள்வி கேட்பார்.

"யார் வீட்டிலம்மா மோட்டார் ஓடுது?"

"மோட்டார் இல்ல மிஸ். எங்கப்பா மாஸ்க் தைக்கிறாரு."

கொரோனா ஊரடங்கில் அப்பா இளமாறனின் தையல் கடை மூடிக் கிடந்தது. அதனால் மிஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை கொண்ட வீடு. ஒரு மூலையில் மிஷின், இன்னொரு மூலையில் அடுப்பு, நடுவில் ஆறாம் வகுப்பு.

பக்கத்து ஊரான வடக்கனந்தலில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அதில் தையலுக்கு முன்னறை இருந்தது. சுபஸ்ரீ படிக்கத் தனி அறையும் இருந்தது. ஆனால் இந்த வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் திருப்பூரிலிருந்து ராஜாம்பாள் என்பவர் வீடியோ காலில் வந்தார். அவரும் கணவர் கண்ணாயிரமும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சொந்த ஊர்ப் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கி வந்துவிட நினைத்தார்கள். நேரில் வர இ-பாஸ் கிடைக்கவில்லை. அதனால் போனிலேயே வீட்டைப் பார்த்தார்கள்.

சுபஸ்ரீ போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குழாயைத் திறந்து காட்டினாள். பிறகு கூரையைக் காட்டினாள்.

"மழை பெஞ்சா இந்த எடத்துல ஒழுவும்."

அப்பா அவசரமாக இருமினார்.

"இருமாதப்பா. கொரோனான்னு நெனச்சிக்கப் போறாங்க."

போனுக்குள் ராஜாம்பாள் சிரித்தார். "ஒழுவுறத நீயே சொல்லிட்ட, பரவால்ல. பூசிக்கலாம். வாசல் எந்தப் பக்கம்?"

"கெழக்குங்க" என்றார் அப்பா.

"வாயால சொன்னா ஆச்சா? போன்ல திசைகாட்டி இருக்குல்ல, அத வாசல்ல வெச்சிப் படம் புடிச்சி அனுப்புங்க."

வாசற்படியில் போனை வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த சின்ன முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். போனின் தலை தெருவைப் பார்க்கும்படி அதன்மேல் வைத்தார். முள் சுற்றியது, நின்றது.

தெற்கு.

ராஜாம்பாளின் பதில் உடனே வந்தது. "தெக்கு வாசல் எங்களுக்கு ஆவாதுங்க. வேற வூடு பாத்துக்கறோம்."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இத்தினி வருசமா கெழக்குன்னு நெனச்சிக்கினு இருந்தனே."

"காத்தால பல்லு வெளக்கும்போது கண்ணு கூசுதே, அது இன்னா வெயிலாம்?" என்றாள் அம்மா கண்ணகி.

சுபஸ்ரீ பின்பக்க ஜன்னலுக்கு ஓடினாள். தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. மலை ஊருக்கு மேற்கே இருக்கிறது. அப்படியென்றால் எதிரே இருக்கும் வாசல் கிழக்குதானே?

'ஒண்ணு மலை பொய் சொல்லணும். இல்ல, போன் பொய் சொல்லணும்' என்று யோசித்துக்கொண்டே முக்காலியை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். மிஷினுக்குக் கீழே கிடந்த ஊசி ஒன்று 'டிக்' என்று தாவி முக்காலியில் ஒட்டிக்கொண்டது.

அவள் முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அடியில் ஒட்டியிருந்தது. ஊசிகள் சிதறாமல் இருக்க அப்பாவே ஒட்டியது.

"அப்பா, காந்தத்து மேல திசைகாட்டிய வெச்சா அது இன்னா பண்ணும்?"

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போனைத் தரையில் வைத்துப் பார்த்தார்கள். கிழக்கு. உடனே படம் பிடித்து அனுப்பினார்கள். ராஜாம்பாள் இந்த முறை போனிலேயே அழைத்தார்.

"காத்தால தெக்கு, இப்போ கெழக்கா? நடுவுல வூட்டத் திருப்பி வெச்சீங்களா?"

"இல்லிங்க, முக்காலில காந்தம்..." என்று அப்பா ஆரம்பிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

இனிமேல் எந்தப் படத்தை அனுப்பினாலும் அவர் நம்பமாட்டார். அவரே கண்ணால் பார்க்க வேண்டும். சுபஸ்ரீ சாயங்காலம் வரை யோசித்தாள். பிறகு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"அத்தை, நாளைக்கு விடியும்போது உங்க மொட்டமாடிக்கு வாங்க. நான் வீடியோ கால்ல வரேன். ஒரே ஒரு தடவ. அப்பறமும் புடிக்கலன்னா வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜாம்பாள் திருப்பூரில் மொட்டை மாடியில் நின்றார். சுபஸ்ரீ வீட்டுக்குள் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரே மேகம்.

"எங்க பாப்பா சூரியன்?"

"உங்களுக்கு அங்க வந்துட்டாரா அத்தை?"

"இல்ல. இங்கயும் மேகந்தான்."

"அப்போ ரெண்டு பேரும் காத்துக்கினு இருப்போம்."

"நான் போயி காபி குடிச்சிட்டு வரட்டா?" என்று பின்னாலிருந்து கண்ணாயிரத்தின் குரல் கேட்டது.

"சும்மா நில்லுங்க" என்றார் ராஜாம்பாள்.

சிறிது நேரத்தில் மேகம் விலகியது. வெயில் வாசல் வழியாக நேராக உள்ளே வந்தது. தைத்து அடுக்கியிருந்த மாஸ்க்குகள் பளபளத்தன. சுபஸ்ரீக்குக் கண் கூசியது.

"எங்களுக்கு வந்துட்டாரு அத்தை. இதோ, உங்களுக்கும் வருவாரு."

சொன்னபடியே அங்கும் வெளிச்சம் பரவியது. ராஜாம்பாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார்.

"அத்தை, இப்போ நீங்க எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கிறீங்க?"

"கெழக்கால."

"நான் வாசலப் பாத்துக்கினு நிக்கிறேன். எனக்கும் கண்ணத் தொறக்க முடியல."

ராஜாம்பாள் வெயிலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கெட்டிக்காரி நீ. அப்பாவக் கூப்புடு. வூட்ட நாங்களே வாங்கிக்கிறோம்."

"ஆனா ஒண்ணு அத்தை. இந்த வூட்டுல விடிஞ்சப்பறம் தூங்க முடியாது. மூஞ்சிலயே வெயில் அடிக்கும்."

"அது உங்க மாமாவுக்கு நல்லதுதான்."

அப்பா போனை வாங்கிப் பேசினார். அம்மா தன் பட்டன் போனை எடுத்து வடக்கனந்தல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லச் சொன்னீங்க இல்ல? சொல்லிட்டோம். வூடு எங்களுக்குத்தான்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ராஜாம்பாள், "நீங்க வாங்குற வூட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அறைகளை எண்ணிய சந்தோஷத்தில் அதை யாருமே கவனிக்கவில்லை.

"எதிர்ல ஒரு மாமரம் இருக்கு அத்தை" என்றாள் சுபஸ்ரீ. "அந்தப் பக்கம்."