லட்டுவின் கழுத்துப்பட்டை

பட்டையைக் கட்டியதுமே லட்டு அழுகையை நிறுத்திவிட்டது. தாயைப் பிரிந்த நாய்க்குட்டிகள் ஊளையிட்டு ஊரைக் கூட்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது குட்டியோடு ஏக்கநீக்கிப் பட்டையும் சேர்ந்தே வருகிறது. எந்த நினைவு குட்டியை ஏங்க வைக்கிறதோ, அதைத் தேடிப் பிடித்துத் தூங்க வைத்துவிடும். பட்டை கழுத்தில் இருக்கும் வரை தாய் என்று ஒருத்தி இருந்ததே குட்டிக்குத் தெரியாது. அப்புறமென்ன, காட்டிய இடத்தில் மூத்திரம் பெய்யும், உட்கார் என்றால் உட்காரும்.

வேலாயுதம் குட்டி வாங்கியது ஆசைக்கு அல்ல. மகள் மதிவதனிதான் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தாள். லட்டு என்று பெயர்கூட வைத்துவிட்டாள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டாள். குட்டி வந்தாலாவது மனைவி கோமதி தேறுவாள் என்று நினைத்தார், பாவம். கோமதி பால் கிண்ணத்தை வைத்து "லட்டு" என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட வாயோடு உடைந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

"எம்புள்ள கேட்டப்ப வாங்கிக் குடுக்கலியே, பாவி நான்!"

சோறு இறங்கவில்லை. ஆள் துரும்பாகிப்போனாள். ஒரு மத்தியானம் பார்க்கப் பொறுக்காமல் குட்டியின் பட்டையை அவிழ்த்து அவள் கழுத்தில் கட்டினார். வளரும் குட்டிக்காக நீளும் பட்டைதான். மனிதர்களுக்கு ஆகாது என்று அதில் எழுதியும் இருந்தது.

கோமதி எழுந்து முகம் கழுவினாள். "பசிக்குங்க" என்றாள். வேலாயுதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

தீபாவளி வந்தது. துக்க வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச்சட்டி ஏறாது என்று பக்கத்து வீட்டு ஜெயந்தி பலகாரம் கொண்டுவந்தாள்.

"நம்ம வீட்டுல சுட மாட்டோமா? எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று சிரித்த கோமதி, சட்டியை ஏற்றி முறுக்குப் பிழிய ஆரம்பித்துவிட்டாள். ஜெயந்தி வேலாயுதத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

பட்டை இழந்த லட்டு கதவோரம் நின்று தாயைத் தேடி அழுதுகொண்டிருந்தது. இன்னொரு பட்டை வாங்கலாம்தான். ஏனோ அவருக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, லட்டுன்னு யாரு பேரு வச்சா? நல்லாருக்கு."

ஏக்கம் வேறு, மகள் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்தப் பட்டைக்குத் தெரியவில்லை.

"நம்ம..." என்று தொடங்கியவர், "கடைக்காரரு வச்சது" என்றார்.

குட்டி மறுபடி ஊளையிட்டது.

"ஐயோ, வாயில்லா சீவன்! இது அதோட பட்டைதான? அதுக்கே கட்டிவிட்டா அழாதுல்லா?" என்று கோமதி பின்கழுத்துக் கொக்கியில் கை வைத்தாள்.

கழற்றினால் மகள் திரும்பி வருவாள். பட்டினியும் திரும்பி வரும். கழற்றட்டுமே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பிள்ளையைப் பற்றிப் பேச அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் கோமு. அது அழட்டும். வீட்டுல யாராவது ஒரு ஆளு அழணும்லா."

"நல்ல ஆளு போங்க!" என்று சிரித்தபடி அவள் முறுக்கைத் திருப்பிப் போட்டாள்.

வேலாயுதம் கதவோரம் உட்கார்ந்து லட்டுவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அது அவர் கையை நக்கிவிட்டு மறுபடி அழத் தொடங்கியது. இந்த முறை அவரும் அடக்கிக்கொள்ளவில்லை.