இரவல் நாய்

நீனாவின் விலாவில் புதிதாக ஒரு தடம். மற்ற நாய் என்றால் முடி மறைத்திருக்கும். இதன் உடம்பில் ஒரு மயிர் கிடையாது. கறுத்த, கதகதப்பான, எதையும் ஒளிக்கத் தெரியாத தோல். எடெல்மிரா தடவிப் பார்த்தாள். பிறை வடிவில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"தன்னையே கடிச்சிக்குது," என்றான் அவள் கணவன் ஃபிடென்சியோ, கட்டிலில் இருந்தபடியே.

மூன்று வாரமாகப் படுக்கை. லம்பாயேக்கே மண்மேட்டில் பழைய புதைகுழி ஒன்றைத் தோண்டிப் பானைகளை எடுத்து வந்த நாளில் அவன் முழங்காலில் குளிர் இறங்கியது. குழிக்குள் எலும்பாக ஒரு மனிதன், அவன் காலடியில் ஒரு நாய். நாயெலும்பு விலை போகாது என்று ஃபிடென்சியோ தூர வீசிவிட்டான். இப்போது ஊரார் செய்யும் வைத்தியம்தான்: முடியில்லா நாயைப் போர்வைக்குள் விட்டுக் காலோடு அணைத்துப் படுப்பது.

நாயை இரவல் தந்தவள் பக்கத்து வீட்டு ஒர்த்தென்சியா; எடெல்மிராவை உறவுக்காரி போல 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிடுவாள். பின்மதியம், இரண்டு வயது மகள் நெலி முன்னறையில் தூங்கும் நேரம் பார்த்து, எடெல்மிரா நாயை அவளிடம் தூக்கிப் போனாள்.

ஒர்த்தென்சியா அதன் வாயைப் பிளந்தாள். "நல்லாப் பாரு கோமாத்ரே, கடவாப்பல்லே கெடையாது. இந்த ஜாதிக்கே முடியும் இல்ல, பாதிப் பல்லும் இல்ல. இது முழுப் பல்வரிசை வச்ச வாய் கடிச்சது." சிரித்தாள். "ஒம் புருஷனுக்குச் சோறு போடுறியா, இல்லியா?"

எடெல்மிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை.

திரும்பும்போது வாசலில் நீனா உடம்பை முறுக்கி அவள் கையிலிருந்து துள்ளிக் குதித்தது. ஓடியது. கூப்பிட்டும் நிற்கவில்லை.

கடல் மூடுபனி சன்னல் வரை வந்து ஒட்டியிருந்த அந்த வீட்டுக்குள், காலையில் கொதித்த சோளக்கஞ்சியின் வாசனையையும் மீறி, வெகுகாலம் மூடிக்கிடந்த மண்ணின் வாடை வீசியது. எங்கோ துணி மெல்ல உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

நெலியின் படுக்கை காலி.

"ஃபிடென்சியோ, புள்ள எங்க?"

"இங்கதான்." கண்ணை மூடியபடியே சொன்னான். "நாய் இனி வேணாம். இப்பக் குளிரல."

அவன் கைகள் இரண்டும் வெளியே, மார்பின்மேல். போர்வை நடுவில் மேடிட்டிருந்தது. அசைந்தது.

எடெல்மிரா கால்மாட்டில் போர்வையைத் தூக்கினாள். அடியில் பாதங்கள்.

ஃபிடென்சியோவுடையவை இரண்டு.

நெலியுடையவை, குட்டியாக, இரண்டு.

அவற்றை இறுக்கி அணைத்தபடி, காய்ந்த மண் அப்பிய பெரிய பாதங்கள் இன்னும் இரண்டு.