பத்து மீட்டருக்குள்

நான் அந்த வீட்டுக்கு வாழப் போனபோது, கடைசி அறையில் ஒரு கம்ப்யூட்டர் பழைய போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. என் கணவரின் முதல் மனைவியுடையது. மழை நாளொன்றில் அவளுடைய கார் அடுத்த தெருப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தது. அவள் உடலை எடுத்துவிட்டார்கள். பை மட்டும் கிடைக்கவில்லை. அவளுடைய வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் அதில்தான் இருந்தனவாம்.

வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுப்பது என் வேலை. புதிதாக ஒரு ஜோடி வாங்கினேன். பேட்டரியை மறைத்திருந்த பிளாஸ்டிக் தாளை உருவி, நகத்தளவு ரிசீவரைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகி, அடியிலிருந்த சுவிட்சைத் தள்ளினேன். மவுஸின் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கதவோரம் நின்று குட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய மகள், ஆறு வயது. கல்யாணமான நாளிலிருந்து என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வீட்டில் நான் காத்திருந்தேன்.

அன்று கூப்பிடாவிட்டாலும் பேசினாள். அம்மாவும் அவளும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, திரையில் படம் வரைவார்களாம். அம்மா பூனை வரைவாளாம். வாலை மட்டும் குட்டி போடுவாளாம். படம் வரையும் பக்கத்தை அவளுக்காகத் திறந்துவைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அறையில் யாருமில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

திக்கித் திக்கி. நின்று, துள்ளி, மறுபடி நின்று.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பிக்கு போன் செய்தேன். அவனுக்கு எல்லாமே சிரிப்பு.

"பேட்டரியா இருக்கும்க்கா. பேயா இருந்தா உன்னப் பாத்ததுமே ஓடிருக்கும்."

அவன் சொன்னபடி பேட்டரியை மாற்றினேன். கீபோர்டின் மேல் ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஈரம் பிழிந்த துணியால் இரண்டையும் துடைத்து, சுவிட்சுகளை அணைத்தேன்.

அணைத்த பிறகும் அது நகர்ந்தது.

மறுநாள் நல்ல மழை. திக்கல் குறைந்திருந்தது. திரையில் கோணலாக இரண்டு காதுகள். அறையெங்கும் சேற்று வாசனை.

தம்பி இந்த முறை சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் பார்க்கச் சொன்னான். தூசி மூடி, இன்னொரு ரிசீவர் அங்கே செருகியபடியே இருந்தது. ஒவ்வொரு ரிசீவரும் தன் ஜோடி சொல்வதை மட்டும்தான் கேட்கும் என்றான். அதுவும் பத்து மீட்டருக்குள்தான்.

"திக்குச்சுன்னா அந்த மவுஸ் வாசல் பக்கம் எங்கயோ கிடக்குன்னு அர்த்தம். திக்கலன்னா வீட்டுக்குள்ளயே இருக்கு. எங்க வச்சீங்க அத?"

"ஆத்துலடா."

என் கண்ணெதிரேயே அம்புக்குறி ஒருமுறைகூடத் திக்காமல், மீசை வைத்த முழுப் பூனையை வரைந்து முடித்தது.

வால் இல்லை.

பழைய ரிசீவரைப் பிடுங்கி எறிந்தேன். அம்புக்குறி அப்படியே நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கழட்டிட்டேன்டா."

"அவ்ளோதான்க்கா. இனிமே அது பக்கத்துலயே வந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாது.

அடுத்த அறையில் ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

மறுபடி, டிக்.

குட்டி கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். மறுபாதி காலி. ஆனால் அங்கே மெத்தை அமுங்கியிருந்தது. போர்வைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம்.

"சித்தி," என்றாள் மெதுவாக. முதல் முறையாக. "சத்தம் போடாதீங்க. அம்மா இப்பதான் படுத்தாங்க."

அவளை வாரிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். அவளுடைய சட்டையின் ஒரு பக்கம் மட்டும் மழைத்தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது.

நானும் குட்டியும் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. இப்போது ஆறே இல்லாத ஊரில், உயரமான ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறோம். சாமான் எடுக்கப் போன கணவரிடம், மேஜைக்கடியில் தேடி அந்த ரிசீவரையும் கொண்டுவரச் சொன்னேன். புதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருகியே வைத்திருக்கிறேன். தம்பி திட்டுகிறான். அவனுக்கென்ன, வருவது எனக்கல்லவா தெரிய வேண்டும்? தினமும் கீபோர்டைத் துடைக்கிறேன். வேலை முடிந்ததும் சுவிட்சுகளை அணைக்கிறேன். அணைத்துவிட்டுச் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை மாதங்களாக எதுவும் அசையவில்லை.

இன்று காலை குட்டி கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். மவுஸை யாரும் தொடவில்லை.

அம்புக்குறி ஒருமுறை திக்கியது.

பத்து மீட்டர். எங்கள் கதவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் அவ்வளவுதான் இருக்கும்.

குட்டி வாசலைப் பார்த்தாள். பிறகு பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் மெல்ல ஒதுங்கி, பாதி இடம் விட்டாள்.