கேட்டால் கையை அழுத்தவும்

மனித இனம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். அது மயக்க மருந்து. நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் எல்லாம் விழித்திருப்பவர்களின் பொழுதுபோக்கு. வயிற்றைத் திறந்து வேலை பார்க்கும்போது ஒருவரை நிம்மதியாகத் தூங்கவைக்கத் தெரிந்த நாளில்தான் மனிதன் மனிதனானான். மயக்க மருத்துவர் இதை விளையாட்டாகச் சொல்வதில்லை. ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய டீ அறையில், காகிதக் கோப்பையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பதவிப் பிரமாணம் எடுப்பவரின் முகத்தோடு சொல்வார். கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: தன் டேபிளில் இன்றுவரை ஒருவர்கூட நடுவில் விழித்ததில்லை; விழிக்கிற உத்தேசம் உள்ளவர்கள் தயவுசெய்து வேறு டேபிளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று காலையும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. அவளும் மயக்க மருத்துவர்தான், இவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பட்டப்பெயர் கைரேகை. வைத்தவர் இவர்.

பெயருக்குக் காரணம் இருந்தது. முழு மயக்கத்துக்கு மூன்று வகை மருந்து போகும். ஒன்று நினைவை அணைக்கும், ஒன்று வலியை அணைக்கும், மூன்றாவது தசைகளைத் தளர்த்தும். மூன்றாவது போனபின் மூச்சுவிடக்கூட இயந்திரம்தான். உள்ளே ஒருவர் விழித்துக்கொண்டாலும் இமையைத் தூக்க முடியாது. கைரேகை என்ன செய்வாளென்றால், மூன்றாவது மருந்துக்குச் சற்று முன்னால் நோயாளியின் ஒரு முன்கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி இறுக்கிவிடுவாள். அந்தக் கைக்கு ரத்தம் போகாது, மருந்தும் போகாது. உடம்பு முழுக்கக் கட்டையாகக் கிடக்க, அந்த ஒரு கைக்கு மட்டும் அசையும் சுதந்திரம் மிச்சமிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, கத்தி உள்ளே இருக்கும்போதே, தூங்குகிறவர் காதருகே குனிந்து சொல்வாள்: "நான் பேசறது கேக்குதுன்னா, என் கையை அழுத்துங்க. வலிச்சா ரெண்டு தடவை அழுத்துங்க." சிலர் அழுத்தினார்கள். எழுந்த பிறகு விசாரித்தால் எதுவும் நினைவில்லை என்றார்கள். இதைத்தான் அவள் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டுப் பயணம் உண்டா என்று கேட்டீர்களா, ஆயுள் ரேகை எப்படி என்று இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். டீ அறை சிரித்தது. கைரேகை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்க டேபிள்ல யாரும் முழிச்சதில்லைன்னு சொல்லாதீங்க. யாரையும் கேட்டதில்லைன்னு சொல்லுங்க."

எழுந்தபின் நினைவே இல்லையென்றால் விழித்தாலென்ன, விழிக்காவிட்டாலென்ன என்றார் இவர்.

"அப்ப அழுத்தினது யாரு?"

நரம்பு என்றார். செத்த தவளையின் கால்கூடத்தான் துடிக்கிறது, அதனிடம் போய் நலம் விசாரிப்பீர்களா என்றும் கேட்டார். அவள் பட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைய முதல் கேஸ் இவருடைய தங்கை என்பது எல்லாருக்கும் தெரியும்.

தங்கைக்குப் பித்தப்பையில் கல். அண்ணனும் தங்கையும் குத்தல் இல்லாமல் பேசிக்கொண்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. சொந்த ரத்தத்துக்குத் தானே மருந்து கொடுக்கக் கூடாது, கை நடுங்கும் என்று சக டாக்டர்கள் சொன்னபோது, நடுங்குகிற கை உள்ளவர்கள் அப்படிச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். தங்கை பச்சை அங்கியில், நகையெல்லாம் கழற்றி, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். பயந்த முகம். வாய் மட்டும் பயப்படவில்லை.

"உன்னை நம்பிப் படுக்கலைண்ணா. மருந்தை நம்பித்தான் படுக்கறேன்."

"மருந்து நான் சொன்னாதான் கேக்கும்."

"வெட்டுங்க, தையுங்க, எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எனக்குத் தெரியக் கூடாது. அது ஒண்ணுதான். உள்ள கிடந்துட்டு, தெரிஞ்சுட்டே, சொல்ல முடியாம... அது மட்டும் வேண்டாம். சத்தியம் பண்ணு."

"என் டேபிள்ல யாரும் முழிச்சதில்லை."

"இது சத்தியமா, விளம்பரமா?"

சத்தியம்தான் என்று உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தார். அவள் அதோடு விடவில்லை. பட்டையோடு வந்து நின்ற கைரேகையிடம், இது அண்ணனுக்குப் பிடிக்குமா என்று விசாரித்தாள். சுத்தமாகப் பிடிக்காது என்றதும், அப்படியென்றால் கட்டுங்கள் என்று வலது கையை நீட்டினாள். ஒன்று என்றால் கேட்கிறது, இரண்டு என்றால் வலிக்கிறது என்பதைக் கைரேகை சொல்லிக்கொடுக்க, தங்கை இவருடைய விரலைப் பிடித்து இரண்டு முறை அழுத்தி ஒத்திகை பார்த்தாள். நல்ல பிடி.

தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலோ மழையோ, உள்ளே எப்போதும் அதே வெளிச்சம், அதே குளிர், ஸ்பிரிட்டும் சூடான ரப்பரும் கழுவிய இரும்பும் கலந்த அதே வாசனை, தலைமாட்டில் மடிந்து விரிந்து மூச்சுவிடும் மெஷினின் அதே சத்தம். இந்த அறையில் தூங்காத பொருள் எதுவும் தனக்குப் பிடிக்காது என்பார் மயக்க மருத்துவர். நினைவை அணைக்கும் வெள்ளை மருந்து குழாய் வழியே போயிற்று. தங்கையின் கண்கள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, உதடு பிரிந்து, முகம் மொத்தமும் யாருடையதோ போலத் தளர்ந்தது. வழக்கமாக முகமும் கையும் ஒன்றாகத் தளரும். அவளுடைய வலது கை மட்டும் இவர் விரலை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு விடுவதைப்போல விட்டது.

கைரேகை பட்டையில் காற்றேற்றினாள். மூன்றாவது மருந்து போயிற்று, தொண்டைக்குள் டியூப் போயிற்று, இமைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. அப்போது பக்கத்துத் தியேட்டரில் அவசரப் பிரசவம் என்று கூப்பிட்டார்கள். கையை விட்டுவிடாதீர்கள், வந்துவிடுகிறேன் என்றாள் கைரேகை. ஜோசியத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக இவர் சொன்னார். கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

சர்ஜன் பாட்டைச் சத்தமாக வைத்தார். அவருக்குப் பாட்டு இல்லாமல் கத்தி ஓடாது. தங்கையின் கழுத்துக்குக் குறுக்கே துணித்திரை. அதற்கு அந்தப் பக்கம் வயிறும் சர்ஜனும் நர்ஸும், இந்தப் பக்கம் தலையும் மெஷினும் இவரும், பலகையின் மேல் நீட்டிவைத்த அந்த வலது கையும். பட்டைக்குக் கீழே அது சற்று நீலம் பூத்திருந்தது. நகங்களில் அழித்தும் போகாத சாயம் ஓரத்தில் மிச்சமிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்தார். மூளையின் தூக்க ஆழத்தைச் சொல்லும் எண், கிணற்றின் அடியில் கிடந்தது. பல்ஸ் அழகு. பிரஷர் அழகு.

கத்தி கேட்டார் சர்ஜன். கொடுத்தார்கள்.

கை மூடிக்கொண்டது.

நரம்பு என்று நினைத்தார். கை மெல்லத் திறந்தது, உள்ளங்கை மேலே பார்க்க, எதையோ கேட்டு நீட்டுகிறவர்களின் கைபோல. சும்மா பார்க்கலாமே என்று இரண்டு விரலை அதில் வைத்தார். கேட்கவில்லை, கேட்பது கைரேகையின் வேலை. வைத்தார், அவ்வளவுதான்.

அழுத்தியது. விட்டது. மறுபடியும் அழுத்தியது.

பாட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். அவர் வலிமருந்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். தூக்கத்தை ஆழமாக்கும் கேஸைத் திருகினார். மானிட்டரின் எண் இன்னும் கீழே இறங்கிற்று. இந்த ஆழத்தில் யாரும் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். இதைப்பற்றி மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவர் அவர்தான். விரலை எடுத்துக்கொள்ள நினைத்தார். எடுக்கவில்லை.

இரண்டு.

இப்போது சொல்லலாம். ஒரு நிமிடம் நிறுத்துங்கள் என்று திரைக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லலாம். சர்ஜன் பாட்டை நிறுத்துவார். ஏன் என்பார். தங்கை விழித்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருக்கும். கையைப் பிடித்துப் பார்த்தீர்களா என்பார்கள். நாளை டீ அறையில் அவர் நுழையும்போது எல்லாரும் கோப்பையோடு கையை நீட்டுவார்கள்.

"வயிறு இறுக்கமா இருக்குய்யா" என்றார் சர்ஜன் அந்தப் பக்கத்திலிருந்து. "தூங்க வெச்சீங்களா, தாலாட்டு பாடிட்டு வந்துட்டீங்களா?"

தளர்த்தும் மருந்து ஊசியில் தயாராக இருந்தது. அவர் முதலில் பட்டையின் காற்றை இறக்கினார். கையின் நீலம் போய்ச் சிவப்பு ஓடி வந்தது. ரத்தத்துக்குக் கதவு திறந்துவிட்டது, இனி எது போனாலும் அங்கேயும் போகும். பிறகு மருந்தைச் செலுத்தினார். சர்ஜனுக்காகத்தான் செலுத்தினார். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். மருந்து ஏறுகிற நேரமெல்லாம் கை அவர் விரலை அழுத்திக்கொண்டிருந்தது, இரண்டு, இரண்டு, இரண்டு என்று. பிறகு மெதுவாக. பிறகு லேசாக. பிறகு இல்லை.

"இப்ப பரவாயில்லை" என்றார் சர்ஜன்.

கை பலகையில் கிடந்தது. நரம்பில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் சின்னக் கருவியை அதே மணிக்கட்டில் ஒட்டி அழுத்தினார். கட்டைவிரல் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னும் அழுத்தமாகக் கொடுத்தார். துள்ளவில்லை. இந்த உடம்பில் இனி ஒரு தசைகூட அசையாது. அவருக்கு முதுகு முழுக்க வியர்த்திருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, இந்தக் குளிரில் உங்களுக்கு மட்டும் வெயிலா டாக்டர் என்று கேட்டாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கருவியைக் கழற்றக் கையை நீட்டினார்.

விரலைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு.

அவர் கருவியை அழுத்தினார். கட்டைவிரல் துள்ளவில்லை. அசைய முடியாத கட்டைவிரல். அசையாத அதே கட்டைவிரல் அவர் விரலின் மேல் மடிந்து, நகம் பதிய, இறுகியது.

கேஸைத் திருகினார். பிரஷர் சரிந்தது. இதற்கு மேல் திருகினால் அது தூக்கம் இல்லை. நிறுத்தினார்.

இரண்டு.

முகத்தைப் பார்த்தார். பிளாஸ்திரி ஒட்டிய கண்கள். டியூப் கடித்த உதடு. அமைதி. அங்கே யாருமில்லை.

இரண்டு.

இதற்கு முன் எத்தனை பேர். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நன்றாகத் தூங்கினேன் டாக்டர். கை குலுக்கினார்கள். கேட்டதில்லை. யாரையும்.

இரண்டு.

அறுவை முடிகிறவரை அவர் ஒரு கையால்தான் வேலை பார்த்தார்.

தையல் போட்டார்கள். பாட்டு நின்றது. கேஸை மூடினார், தசைகளை மீட்கும் மருந்தைக் கொடுத்தார், டியூப் வெளியே வந்தது. தங்கை இருமினாள், கண்ணைத் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். சர்ஜன் போகிறபோக்கில் இவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். விழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டிலோடு கட்டிலாக இவரும் நடந்தார். இடுப்புவரை போர்வை போர்த்தியிருந்தது. அவருடைய வலது கை போர்வைக்குள் இருந்தது.

பிரசவத்தை முடித்துவிட்டுக் கைரேகை மூச்சிரைக்க வந்தாள். தங்கையிடம் ஏதாவது தெரிந்ததா, கேட்டதா, கனவு வந்ததா என்றெல்லாம் விசாரித்தாள். தங்கை நிதானமாக யோசித்தாள். ஒன்றுமே தெரியாது, கண்ணை மூடியதும் திறந்ததும்தான் தெரியும், இத்தனை வருஷத்தில் அண்ணன் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்றாள். கைரேகை இவரைப் பார்த்தாள். இன்று தோற்றது அவள்தான் என்பதுபோல் உதட்டைச் சுழித்தாள். கை அழுத்தியதா என்று இவரிடம் கேட்டாள்.

இல்லை என்றார் மயக்க மருத்துவர்.

அவள் போனாள். நர்ஸ் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தங்கை கொட்டாவி விட்டு, இவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தெளிந்த முகம். பயம் போன முகம்.

"அண்ணா, இன்னும் எதுக்கு என் கையைப் பிடிச்சுட்டு நிக்கற? புதுசா பாசம் காட்டாத, விடு."

அவர் போர்வைக்குள் தன் விரல்களை விரித்துவைத்திருந்தார். ஐந்தையும் அகலமாக. அவளுடைய கை அவற்றைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அவள் அதை அறியாமல் இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

திரை மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்தார். தங்கையின் முகத்தை நோக்கி இல்லை. போர்வையை நோக்கி, கிட்டத்தட்ட துணியில் வாய் படும்படி. இவ்வளவு மரியாதையாக அவர் எந்த நோயாளியிடமும் பேசியதில்லை.

"நான் பேசறது கேக்குதுன்னா, என் கையை அழுத்துங்க."

"கேக்குதுண்ணா. என் காது இங்க இருக்கு" என்று சிரித்தாள் தங்கை.

போர்வைக்குள் கை ஒரு முறை அழுத்தியது.

அவர் இன்னும் குனிந்தார். இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வலிக்குதா?"

"சே, கொஞ்சம்கூட வலிக்கல" என்றாள் தங்கை, கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியாக.

இரண்டு.

இரண்டு.

இரண்டு.