ஜித்காவின் கடைசிப் படம்

படம் நாற்பத்திரண்டு நிமிடம் ஓட வேண்டும். திங்கட்கிழமை காலை கொன்ஸ்ரன்ரைன் அதைக் கண்காட்சி மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தபோது நாற்பது வினாடி கூடுதலாக ஓடியது.

அந்த நாற்பது வினாடியில் ஒன்றும் நடக்கவில்லை. ஜித்கா தூரிகையோடு எழுந்து போய்விட்டாள். நிலத்தில் விரித்திருந்த கன்வஸ் மட்டும், பாதி நீலமும் பாதி வெள்ளையுமாகக் கிடந்தது. ஆனால் அவள் எழுந்து போகும் கணத்தோடு படத்தை வெட்டியவன் அவன்தான். மிச்சத்தை அழித்தவனும் அவன்தான். அது நடந்து ஒரு வருடமாகிறது.

பிரதியை மாற்றிப் போட்டான். அதிலும் நாற்பது வினாடி இருந்தது.

ஜித்கா ஹவ்லினோவா செக் நாட்டுக்காரி. புர்னோ நகரில் ஓவியம் படித்து, முப்பது வயதில் தூரிகையை வைத்துவிட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளோடும் வீடியோவோடும் வேலை செய்யத் தொடங்கியவள். ஓர் உதவித்தொகையில் ஒஸ்லோவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டாள். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி தூரிகையை எடுத்தாள். நிலத்தில் கன்வஸை விரித்து அதன்மேல் தவழ்ந்து தீட்டுவாள். கூரையில் தொங்கும் கமரா எல்லாவற்றையும் பதியும். பிறகு ஓவியம் சுவரில் தொங்கும். அதன் முன்னால் நிலத்தில் அந்தப் படம் ஆளளவில், சத்தமில்லாமல் விழும். பிராக்கிலும் பெர்லினிலும் சனம் அதைச் சுற்றி நின்று பார்த்தது. பன்னிரண்டு வருடமாக அந்தக் கமராக்களைத் தொங்கவிட்டவன், படங்களை வெட்டி ஒட்டியவன், மன்னாரிலிருந்து ஒன்பது வயதில் வந்த கொன்ஸ்ரன்ரைன். அவள் உயிரோடு இருந்தபோது நடந்த கடைசிக் கண்காட்சிக்கு அச்சிட்ட அறுபது பக்கப் புத்தகத்தில் அவனுடைய பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை படம் மூன்று நிமிடம் நீண்டிருந்தது. கன்வஸின் மேல் விளிம்பிலிருந்து ஒரு தூரிகை தானாக உருண்டு வந்து நின்றது. புரொஜெக்டரின் விசிறி இரைந்துகொண்டிருந்த அந்தப் புதுப் பெயின்ற் அடித்த மண்டபத்தில், எங்கிருந்தோ, ஜித்கா தூரிகை கழுவும் டர்பன்டைன் வாசம் மெல்ல எழுந்து அவன் தொண்டையில் படிந்தது.

புதன்கிழமை ஏழு நிமிடம். தூரிகைக்குப் பின்னால் ஒரு கை வந்தது.

அவன் கண்காட்சிப் பொறுப்பாளர் இங்கெரைக் கூட்டிவந்து, படம் பழுதாகிவிட்டது, ஓவியத்தை மட்டும் வைக்கலாம் என்றான். அவள் ஓட்டிப் பார்த்தாள். சரியாக நாற்பத்திரண்டு நிமிடத்தில் படம் நின்றது. "நல்லாத்தானே இருக்கு" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, அவனுடைய முகத்தைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்தாள்.

அன்று பின்னேரம், ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் இருந்த வீட்டில் அவன் கோப்பையில் இருந்த சோற்றைத் தொடவில்லை.

"என்னப்பா, கறி சரியில்லையே?" என்று கேட்டாள் மனைவி மரியரஞ்சனி.

"பசிக்கேல்லை."

"இன்னும் அந்த மனுசியைத்தான் யோசிக்கிறியள். கண்ட உடனை அம்புலன்ஸுக்கு அடிச்சனீங்கள்தானே. அதுக்கு மேலை ஆராலை என்ன செய்யேலும்?"

"ஓம்" என்றான்.

அந்த ஒரு சொல் வாயை விட்டுப் போனதும் அவனுக்குக் காது வரை சுட்டது. அவள் அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். தடவிய இடத்தை வெட்டி எறியலாம் போலிருந்தது.

போன வருடம், அவள் செத்த நாளில், அவன் தன் பெயர் இல்லாத அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கத்தான் ஜித்காவிடம் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. அவள் கன்வஸின்மேல் விழுந்து கிடந்தாள். முகத்தின் ஒரு பாதி ஈர நீலத்துக்குள். கண் திறந்திருந்தது. அவனைக் கண்டுகொண்டது. இடது கை அவனை நோக்கி நீண்டது. பன்னிரண்டு வருடம் ஏவி மட்டுமே பழகியவள் ஒருதரமாவது வாய் திறந்து கேட்கட்டும் என்று அவன் நின்றான். அவளால் கதைக்க முடியாது என்பது முதல் நிமிடத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் நின்றான். மொத்தம் பதினொரு நிமிடம் கழித்துத்தான் அம்புலன்ஸுக்கு அடித்தான். பதிவை அழிக்க முன் நேரத்தைப் பார்த்திருந்தான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திறப்பு. நவம்பர் மாதத்து வெளிச்சம் யன்னலில் சாம்பலாக நின்றது. ஜித்காவின் அக்கா அலெனா புர்னோவிலிருந்து வந்திருந்தாள். எண்பதை நெருங்கிய, கைத்தடியோடு நடக்கும் சின்ன உருவம். அவனைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"கடைசி நேரத்தில் நீங்கள் அவளோடு இருந்தீர்களாம்" என்றாள் தடுமாறும் ஆங்கிலத்தில். "என் தங்கை தனியாகச் சாகவில்லை. அது எனக்குப் போதும்."

சொல்லியிருக்கலாம். அப்போதே. நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

விளக்கை அணைத்தார்கள். படம் நிலத்தில் விழுந்தது. நாற்பது பேர் அதைச் சுற்றி நின்றார்கள். அவன் ரிமோட்டைப் பிடித்தபடி ஓரமாக நின்றான். ஜித்கா தவழ்ந்தாள், தீட்டினாள், நீலம் பரவியது. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் அவள் எழுந்து போனாள். அவன் ரிமோட்டை அழுத்தினான்.

படம் நிற்கவில்லை.

தூரிகை உருண்டு வந்தது. கை வந்தது. பிறகு தலை, தோள், முழு உடம்பும். கன்வஸின்மேல் சாய்ந்தது. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். டர்பன்டைன் வாசம் கண்ணைக் கரித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

படத்தின் ஓரத்தில் இரண்டு சப்பாத்து நுனிகள் வந்து நின்றன. மண்ணிறம். நுனிகள் மட்டும்.

அவன் கீழே பார்த்தான். அவன் நின்ற இடத்தில்தான் அவை இருந்தன. வெளிச்சத்தில் கிடந்த நுனிகள் அவனுடைய கால்களில் போய் முடிந்தன.

மறுபடி அழுத்தினான். மறுபடி.

ஒரு நிமிடம். ஜித்காவின் கை நீண்டது. இரண்டு. ஐந்து. ஒவ்வொருவராகத் தலை திருப்பி அவனைப் பார்த்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். புரொஜெக்டரின் மின்வயரைப் பிடுங்கிவிடலாம், அது நாலடி தூரத்தில் கிடந்தது. அவன் போகவில்லை. கால் வரவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு. சப்பாத்துகள் அசையவில்லை. பதிமூன்று.

அலெனாவின் கைத்தடி விழுந்தது. அவள் வெளிச்சத்துக்குள் நடந்துபோய், முழந்தாளிட்டு, தங்கையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

படத்திலிருந்த தலை அவளுடைய கையோடு எழும்பி வந்தது.

நீலம் சொட்டியது. அலெனாவின் சாம்பல் பாவாடையில் ஈரம் ஊறிப் பரவியது. அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். பாரத்தில் அவளுடைய சின்ன உடம்பு கூனியது.

"வாருங்கள்" என்றாள் அவனைப் பார்த்து. "என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை."

அவன் நின்றான்.

"தயவுசெய்து."

நின்றான்.

நிலத்திலிருந்து இரண்டு முகங்களும் அவனை நிமிர்ந்து பார்த்தன. ஒன்று அழுதது. மற்றது, பாதி நீலமாக, கண் இமைக்காமல், வாயின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருந்தது.