மூன்றாவது அலாரம்

தடால்!

பாட்டிலைத் தட்டிவிட்டது நான்தான்.

நான் துலுக்காணம். இன்சூரன்ஸ் ஏஜென்ட். சித்தூரில் அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நெற்றியில் நாமம், தலையில் மொட்டை, அக்குளில் தோல் பை.

கட்டிலில் கிடந்த டெபோராவுக்குத் தைரியம் சொல்லுகிறேன் பேர்வழி என்று, "என்னிய மாதிரி யானை பலம் வரும்மா உனுக்கு!" என்று கையை அகல விரித்தேன். யானையின் முழங்கை அலமாரியில் போய் இடித்தது.

பாட்டில் விழுந்தது. மூடி ஒரு பக்கம் பறந்தது. வெள்ளை மாத்திரைகள் அறை முழுக்கச் சிதறின!

டெபோரா தலையைக்கூடத் திருப்பவில்லை. அவளுக்கும் பிணத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்...

பிணம் இருமாது.

"பொறுக்கி வெச்சிட்டுப் போண்ணா," என்றாள் இருமலுக்கு நடுவே. "அது ஒண்ணுதான் என்னப் புடிச்சி வெச்சிக்கினு இருக்குது."

மண்டியிட்டேன். என் தொப்பை எனக்கு முன்னால் தரையைத் தொட்டது.

அந்தத் தொப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு எச்.ஐ.வி. கண்டுபிடித்தபோது ஊர் எனக்குப் பாடை கட்டத் தயாராக இருந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் தினமும் ஒரு மாத்திரை தவறாமல் போட்டதில், பாடை கட்ட வந்தவர்களைவிடக் குண்டாகிவிட்டேன். அதனால்தான் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் எனக்கு இந்த வேலை. மருந்து வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பது. இன்சூரன்ஸ் எல்லாம் அக்கம்பக்கத்துக் கண்களுக்காக.

அன்று காலையில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளியிருந்தார்.

"டெபோராவுக்கு ரத்தத்துல வைரஸ் மறுபடி ஏறிப்போயிந்தி! டீபி கூட. மாத்திரை போடறதில்ல. கேட்டா போடறேங்குது. அபத்தம் செப்தோந்தி!"

பொய் சொல்கிறாளாம்.

டெபோராவா?

போன வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லி வண்டி தள்ளிக்கொண்டிருந்தவள். "ரவிக்கைத் தையலப் பிரிச்சி விட்டுக்கினேண்ணா, சதை போட்டுச்சி!" என்று பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சொன்னவள். அப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிற தடமே தெரியவில்லை.

இப்போது அந்த ரவிக்கைக்குள் இரண்டு டெபோரா போகலாம்.

"நெசம்மா சொல்லு," என்றேன் கட்டிலுக்கு அடியிலிருந்து. "ஒருநாள் கூட நீ விடலையா?"

"அண்ணா... நீயுமா?" அவள் கண்ணில் நீர் கட்டியது. "டாக்டரம்மா நம்பல. எங்கண்ணன் நம்பல. நீயும் நம்பாட்டி நான் எதுக்கு முழுங்கணும்?"

அப்போதுதான் பார்த்தேன்!

என் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள். இரண்டும் வெள்ளை. இரண்டும் நீட்டு. ஆனால் ஒன்றில் எழுத்துப் பொறித்திருந்தது. இன்னொன்று... மொழுமொழுவென்று என் மண்டை மாதிரி!

எழுத்துள்ள மாத்திரையைத்தான் தினமும் நானும் விழுங்குகிறேன். மொழுமொழு மாத்திரையை ஒருநாளும் விழுங்கியதில்லை.

பொறுக்கியதில் பாதி அசல். பாதி போலி, பார்த்தால் கால்சியம் மாத்திரை மாதிரி.



"நீ மாத்திரைய பார்த்துத்தான போடுவ?"

"ஜெபம் பண்ணிக்கினே போடுவேண்ணா. கண்ண மூடிக்கினு பாட்டில்ல கை உடுவேன்."

"கண்ணத் தொறந்துக்கினு கேட்டா கர்த்தர் ஒத்துக்க மாட்டாரா?"

"கிண்டல் பண்ணாத."

"லேபிள் எங்க?"

"அத நான்தான் கிழிச்சிப் போட்டேன். வர்றவங்க போறவங்க படிச்சிட்டா?"

எல்லோரும் செய்கிற காரியம். லேபிளைக் கிழித்தால் நோய் யாருக்கும் தெரியாது. மருந்தை யாராவது மாற்றினாலும் தெரியாது!

"இந்த வீட்டுல கால்சியம் மாத்திரை யாரு துன்றது?"

"அண்ணி. முட்டி வலிக்கி."

அண்ணி. ஞானமணி!

டெபோராவின் அண்ணன் சுந்தர்சிங்கின் மனைவி. சுந்தர்சிங் மைக் செட் வைத்திருப்பவன். அன்று ஏதோ கூட்டத்துக்கு நாயுடுபேட்டை போயிருந்தான். வீட்டில் இருந்தது ஞானமணி மட்டும்.

அடுக்களைக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது மூலையில் தனியாகக் கவிழ்த்திருந்த ஒரு தட்டு... ஒரு டம்ளர். சிவப்பு நூல் கட்டி அடையாளம் வேறு.

ஓஹோ! நோய்க்காரிக்குத் தனித் தட்டு!

ரத்தம் கொதித்தது. மாற்றியவள் இவளேதான்!

"வாங்க இன்சூரன்ஸ்காரே," என்றாள் ஞானமணி திரும்பாமலே. "இன்னா ஒடைச்சீங்க? சத்தம் கேட்டுச்சி."

"இந்த மாத்திரை யாருது?"

"கடையில விக்கிது. வேணுமா?"

"டெபோரா பாட்டில்ல எப்புடி வந்துச்சி?"

"காபி போடட்டா?"

"அதுலருந்து எடுத்த மாத்திரை எங்க?"

"சக்கரை போடலாமா? இல்ல அதுவும் இருக்குதா உங்களுக்கு?"

பதினோரு வருஷமாக இதே கதை. என் வேலையில் ஒருத்தர்கூட நேராகப் பதில் சொன்னதில்லை. "மாத்திரை போட்டாச்சா?" என்றால், "ஏர்பேட்ல மழையாண்ணா?" என்பார்கள்.

"ஞானமணி! தினமும் போட்டாத்தான் அந்தக் கிருமி தூங்கும். விட்டு விட்டுப் போட்டா முழிச்சிக்கும். முழிச்சிக்கினு மருந்தையே பழகிக்கும். அப்புறம் அதே மருந்தக் கூடை கூடையா கொட்டுனாலும் கேக்காது. நீ பண்றது இன்னா தெரியுமா? கொலை! கத்தி இல்லாத கொலை!"

அவள் கை கரண்டியோடு நின்றது.

"பழகிக்குமா?" என்றாள் மெல்ல. "பாதி போட்டாக் கூடவா?"

"பாதின்றதே கெடையாது! தூக்குக் கயிறு பாதி இறுக்குனா பாதி உயிர் போவுமா?"

அவள் முகம் வெளுத்தது. மாட்டிக்கொண்டாள்! போலீஸுக்குப் போன் போடலாமா என்று சட்டைப் பையில் கை விட்டேன்.

போன் தானாகவே கத்தியது.

கொக்கரக்கோ!

சாயங்காலம் மணி ஏழு. என் மாத்திரை அலாரம்.

பக்கத்து அறையில் டெபோராவின் போன் கோயில் மணி மாதிரி அடித்தது. அதையும் நான்தான் வைத்துக் கொடுத்தேன்.

அப்புறம்...

கிர்ர்ர்... கிர்ர்ர்...

மூன்றாவதாக ஒன்று! அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து!

ஞானமணி பாய்ந்தாள். நான் முந்தினேன். என் வாழ்க்கையில் தொப்பை முந்தியது அன்று ஒரு நாள்தான்.

"இது எதுக்கு?"

"பால் காய்ச்ச."

"ஏழு மணிக்கா?"

"அரிசி ஊற வெக்க."

டின்னுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா. திறந்தேன். எழுத்துப் பொறித்த மாத்திரைகள். தூக்கி எறியவில்லை. விற்கவில்லை. பத்திரமாகப் பஞ்சு வைத்து மூடியிருந்தாள்.

 என் மண்டைக்கு உள்ளேயும் மொட்டைதான் போலிருக்கிறது!

"அந்த... தனித் தட்டு?"

"என்னுது."

வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு டெபோரா நின்றாள். எப்போது எழுந்து வந்தாளோ.

"அண்ணி... உனுக்கும் இருக்குதா?"

ஞானமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"வயித்துல கட்டின்னு ஆபரேஷனுக்குப் போனேன்ல... அதுக்கு முன்ன ரத்தம் எடுத்தாங்க. சொன்னாங்க. ஆபரேஷனே வேணாம்னு ஓடியாந்துட்டேன். உங்கண்ணன்கிட்டருந்துதான் வந்திருக்கணும். அவருகிட்ட எப்புடிக் கேக்குறது? சபையில மூப்பர் அவரு."

"சென்டருக்குப் போயிருக்கலாமே! சும்மாதான தர்றாங்க!" என்றேன்.

"எங்க போறது? சித்தூரு சென்டர் வாசல்லயே நம்ம சபைக்காரங்க பூக்கடை. திருப்பதிக்குப் போலாம். நீங்க மொட்ட அடிச்சிக்கினு, மலைக்குப் போறேன்னுட்டு மாசாமாசம் போயி மருந்து வாங்கிக்கினு வர்றீங்க. நான் இன்னான்னு சொல்லிக்கினு திருப்பதி பஸ் ஏறுறது? வேதக்காரி மலைக்குப் போறாளான்னு ஊரே கேக்கும்!"

என் மொட்டையைத் தடவிக்கொண்டேன். ஊரில் எனக்கு மகா பக்திமான் என்று பெயர். பெருமாளுக்கு மட்டும் உண்மை தெரியும்.

"பாதி அவளுக்கு, பாதி எனுக்குன்னு போட்டா ரெண்டு பேரும் பொழச்சிக்குவோம்னு நெனச்சேன்..." ஞானமணி உடைந்தாள். "ரெண்டு பேரையும் சாவடிச்சிக்கினு இருந்தேனா?"

டெபோரா சுவரைப் பிடித்தபடியே உள்ளே வந்து அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தாள். அறையலாம். கத்தலாம். அவளுக்கு உரிமை இருந்தது.

"எல்லாரும் என்னப் பொய்க்காரின்னாங்களே அண்ணி... கேட்டுக்கினுதான இருந்த?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

 காபித் தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது.

டெபோரா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். எழுத்தைத் தடவிப் பார்த்து விழுங்கினாள்.

"காலையில இவருகூட திருப்பதிக்குப் போ அண்ணி. யாராச்சும் கேட்டா இன்சூரன்ஸ் விஷயமாப் போறேன்னு சொல்லு."

*

திருப்பதியில் ஞானமணிக்கென்று ஒரு பாட்டில் கிடைத்தது. அங்கேயே டாக்டரம்மா டெபோராவின் மருந்தையும் மாற்றினார். பொய்க்காரி என்றதற்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஸாரியும் சொன்னார். புது மருந்து வேலை செய்யுமா என்று கேட்டேன். "சூத்தாம்," என்றார். பார்க்கலாமாம். விஷயம் தெரிந்து சுந்தர்சிங்கும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, மைக் இல்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

எனக்குத் தூக்கம் இல்லை. டெபோரா மறுபடி இட்லி வண்டி தள்ளுவாளா? தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஞானமணிக்குப் போன் அடித்தேன். காபியா, மழையா, முட்டி வலியா... எதற்கும் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சி. அவளும் என் எதுருலதான் போட்டா. அரை இட்லி துன்னா."

அவ்வளவுதான். நேரான பதில்! பதினோரு வருஷத்தில் முதல் தடவை!

அந்த அதிர்ச்சியில் நான் என் மாத்திரையை மறந்தேவிட்டேன்... நல்லவேளை, போனில் இருக்கிற கோழி இரண்டாவது தடவையும் கூவியது!