கரண்ட் நின்ற பிறகும் வளர்ந்த பூச்சு

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். வழக்கமான ஏசி உறுமல், வழக்கமான அமில நெடி. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. பல் டாக்டர் பல்லை ராவும்போது வருமே, அந்தக் கருகல் வாசனை.

அன்று எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. மறுநாள் அக்காவுக்குத் தொடையில் ஆபரேஷன். உடைந்த எலும்புக்குள் செருகப்போகும் டைட்டானியக் கம்பிக்கு எங்கள் தொட்டியில்தான் பூச்சு ஏற்றினோம். கரைசலில் கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாகப் படியும். எலும்பில் இருப்பதும் அதே சரக்குதான். அதனால் உடம்பு கம்பியை அந்நியமாக நினைக்காது. கம்பியோடு அதே உலோகத்தில் நாணயம் மாதிரி சின்ன வில்லை ஒன்றையும் தொங்கவிடுவோம். கம்பியைத் தொடாமல் வில்லையை மட்டும் சோதிப்பது எங்கள் வழக்கம். வில்லை தேறினால் கம்பியும் தேறியது.

வில்லையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பூவிதழ்களைக் கொட்டி வைத்த மாதிரி படிகங்கள் தெரிய வேண்டும்.

வளையங்கள் தெரிந்தன.

வளையத்துக்குள் வளையம், நடுவில் ஒரு ஓட்டை. உயிருள்ள உடம்பு மாதக்கணக்கில் கட்டுகிற எலும்பு அப்படித்தான் இருக்கும். எந்தத் தொட்டியாலும் அதை ஒரே நாளில் கட்ட முடியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பூச்சின் தடிமனை அளந்தேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தேன். அதற்குள் கூடியிருந்தது.

மின்சாரத்தை நேற்றே நிறுத்தியாயிற்று.

டொக்.

சத்தம் வில்லையிலிருந்துதான் வந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மனுஷருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. கத்திக் கூப்பிட்டேன்.

"இந்த வில்லைய எதுலேருந்து எடுத்தீங்க?"

"உங்க அக்காவுக்குப் பூச்சு ஏத்தின கம்பியோட நுனியத்தான் வெட்டினேன் மேடம்."

"கம்பி புதுசுதானே?"

அவர் தரையைப் பார்த்தார். "புதுசு வரல. ஆஸ்பத்திரில ஒருத்தர் உடம்புலேருந்து கழட்டித் திருப்பி அனுப்பினது ஒண்ணு கிடந்துச்சு. அதே உலோகம்தானேன்னு..."

"யாரு உடம்புல இருந்தது?"

"ஏதோ ஒரு அம்மா. தவறிட்டாங்களாம்." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "ஆசிட்ல நல்லாத்தான் கழுவினேன் மேடம், சத்தியமா."

"புத்தி கெட்டுப் போச்சாய்யா உமக்கு? கம்பி எங்க?"

"உங்க அக்காவுக்காச்சே. சோதனை வரைக்கும் காக்க வைக்க வேண்டாம்னு நேத்தே அனுப்பிட்டேன்."

அத்தானுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

"நானே கூப்பிட இருந்தேம்மா," என்றார் அத்தான். "ஆபரேஷன் தியேட்டர் காலியா இருந்துச்சு, இன்னைக்குக் காலையிலயே முடிச்சிட்டாங்க. நீ பதறுவியேன்னுதான் சொல்லல. இந்தா, அக்காகிட்ட பேசு."

"வலியே இல்லடி," என்றாள் அக்கா, மயக்கம் தெளியாத குரலில். "எதுக்குடி அழற?"

"கால் எப்படிக்கா இருக்கு?"

"நல்லா அசையுது. நான் அசைக்காமலே அசையுது." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க ஒரு அம்மா கட்டில்ல வந்து உட்கார்ந்திருக்காங்கடி. போகவே மாட்டேங்கறாங்க."

"அத்தான்கிட்ட சொல்லுக்கா."

"அவரு கண்ணுக்குத் தெரியலையாம்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"எழுந்து வா, போலாம்னு கூப்பிடறாங்க. நான் வரமாட்டேன்னுதான் சொல்றேன்டி," என்றாள் அக்கா. "கால் கீழ இறங்கிடுச்சு."